பாஸ்டரம்மா மேல் நாங்கள் போட்ட புகார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் ஒரு விஷயம் நடந்தால், அரைத்த மாவு புளிப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் மாவுக் கடை சர்ச்சுக்கு நேர் எதிரே இருப்பதால் எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். எங்கள் வீட்டில் கும்பிடுவது பெரியபாளையத்தம்மனைத்தான். ஆனாலும் சர்ச்சில் யார் தாமதமாக வருகிறார்கள், யார் பிரசங்க நேரத்தில் வெளியே வந்து போன் பேசுகிறார்கள், யார் காணிக்கைப் பை வரும்போது கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைவிட எனக்குத்தான் துல்லியமாகத் தெரியும். கடை வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கண் வேறு எங்கே போகும்?

ஷைனி அந்தச் சர்ச்சுக்கு ஆயராக வந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு பாஸ்டரம்மா என்றால் பாஸ்டருடைய மனைவி. இவர் வந்த பிறகு அந்தப் பெயருக்கே பதவி உயர்வு கிடைத்தது. அவருடைய கணவர் அந்தோணியை என்னவென்று கூப்பிடுவது என்று சபையார் ஆறு மாதம் தவித்துவிட்டு, கடைசியில் ‘பாஸ்டரம்மா ஊட்டுக்காரர்’ என்று முடிவு செய்தார்கள். அவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என் கடைக்கு வருவார். நான் மாவு கொடுப்பேன், அவர் விஷயம் கொடுப்பார். நல்ல மனுஷன், எதையும் ஒளிக்கத் தெரியாது.

தை பிறந்த வாரத்தில் ஒரு நாள் அவர் முகம் சரியில்லை.

“இன்னா சார், பேஜாரா கீறீங்க?”

“காயத்ரிக்கா, எங்க பாஸ்டரம்மா அமெரிக்காவுல ஒரு காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்காங்க. டாக்டர் பட்டம் படிக்க.”

“ஊசி போடுற டாக்டரா?”

“இல்லக்கா. சாமியைப் பத்திப் படிக்கிற டாக்டர். இறையியல். ரொம்ப முற்போக்கான எடமாம். எந்த மதத்துக்காரங்க வேணா படிக்கலாம், சாமி இருக்கான்னு சந்தேகம் இருக்கிறவங்களும் படிக்கலாமாம்.”

“சந்தேகம் இருந்தா அப்புறம் இன்னாத்தப் படிக்கிறது?”

“அந்தச் சந்தேகத்தத்தான்.”

அதற்குள் சபைச் செயலர் பாக்கியராஜ் வந்து நின்றார். ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷமாகச் சபைச் செயலர். எந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் நடுவில் வந்து நின்று அதற்குத் தலைமை தாங்குவது அவர் பழக்கம்.

அந்தோணி விளக்கினார். அந்தக் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கு இரண்டு வழி. ஒன்றில், ஐந்து வருஷம் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் அவர்களே கொடுப்பார்கள். இன்னொன்றில், இங்கேயே சபை வேலை பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வரலாம். ஆனால் அதற்குப் பாதி உதவித்தொகைதான், மீதியை நாம் கட்ட வேண்டும்.

“புரிஞ்சிடுச்சி,” என்றார் பாக்கியராஜ். “ஒண்ணு பர்மனென்ட், இன்னொண்ணு கான்ட்ராக்ட்.”

சிப்காட்காரர்களிடம் எதைச் சொன்னாலும் இந்த இரண்டு டப்பாவில்தான் போடுவார்கள். ஆனால் இது சரியாகத்தான் பொருந்தியது.

“அம்மா பர்மனென்ட்டுக்குத்தான் போட்டிருக்காங்க. மீதி டப்பு கட்டுறதுக்கு நம்மகிட்ட ஏது? அதுவுமில்லாம, நாப்பது வயசுக்கு மேல முழு உதவித்தொகை கிடையாதாம். வர்ற செப்டம்பர்ல அம்மாவுக்கு நாப்பது. இந்த வருஷம் வுட்டா அவ்ளோதான்.” அந்தோணி மாவுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “இது மூணாவது வாட்டி. மொத வாட்டி பேராயர் ஆபீஸ்ல ஆயர் பட்டம் குடுக்கிறோம்னு நிறுத்திட்டாங்க. ரெண்டாவது வாட்டி அவுங்க அம்மாவுக்கு ஸ்ட்ரோக். சீட்டு வந்த லெட்டரை இன்னும் பைபிளுக்குள்ள வெச்சிருக்காங்க.”

எனக்கு ஏனோ அவருக்கு ஒரு கரண்டி மாவு கூடுதலாகப் போடத் தோன்றியது. போட்டேன்.

“அப்புறம் எதுக்கு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?” என்று பாக்கியராஜ் கேட்டார்.

“சபையிலேர்ந்து ஒரு லெட்டர் வேணுமாம். அம்மா பார்க்கக் கூடாது. கூட வாழுற ஜனங்க, அவுங்களப் பத்தி மனசுல இருக்கிறத அப்படியே எழுதி நேரா காலேஜுக்கு அனுப்பணும். அது நல்லா இருந்தாத்தான் சீட்டு. அப்புறம் நம்ம பேராயர் ஆபீஸ்ல படிப்பு விடுப்பு குடுக்கணும். ரெண்டும் வேணும்.”

“லெட்டர்தான? எங்கிட்ட வுடு,” என்றார் பாக்கியராஜ்.

அன்றைக்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பாக்கியராஜிடம் ஒரு பச்சை ஃபைல் உண்டு. பதினெட்டு வருஷத்தில் ஆயர்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய மனுக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மே மாதம் வந்தால் ஆயர்களுக்கு இடமாற்றம் வரும். மனு எழுதுவதுதான் அந்தச் சபையில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய திருவிழா. மறுநாள் அந்த ஃபைலை என் கடைப் பலகையின் மேல் விரித்து வைத்துக்கொண்டு அவர் ஒரு கணக்கைச் சொன்னார்.

“பாரு காயத்ரி. அஞ்சு வாட்டி புகழ்ந்து எழுதிக்கிறோம். ‘எங்கள் ஆயர் தங்கமானவர், இவரை மேற்படிப்புக்கு அனுப்புங்கள், பெரிய சபைக்கு அனுப்புங்கள்’னு. ஒருத்தரையாச்சும் அனுப்புனாங்களா? ‘அவ்ளோ நல்லவரா, அப்போ அங்கயே இருக்கட்டும்’னு வுட்டுட்டாங்க. நாலு வாட்டி கம்ப்ளெயின்ட் எழுதிக்கிறோம். நாலு பேரையும் ஒரே மாசத்துல தூக்கிட்டாங்க.”

“அதனால?”

“அம்மா போவணுமா வேணாமா?”

“போவணும்.”

“அப்போ கம்ப்ளெயின்ட்தான் எழுதணும்.”

இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்த ஃபைலில் இருந்த காகிதங்களைப் புரட்டப் புரட்ட எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “இது பேராயர் ஆபீஸுக்குச் சரி. அந்தக் காலேஜுக்காரங்க வேற ஆளாச்சே?”

“ஆபீஸுன்னா எல்லா ஆபீஸும் ஒண்ணுதான்,” என்றார் பாக்கியராஜ். முப்பது வருஷம் கம்பெனியில் வேலை பார்த்தவர். சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொய் எழுதக் கூடாது என்பதில் மட்டும் அவர் கறார். கர்த்தர் பார்க்கிறாராம். நடந்ததை மட்டும் எழுதி, அதைக் குற்றம் மாதிரி எழுத வேண்டும். தெருத் தெருவாகப் போய்க் குற்றம் சேகரித்தார். எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமே கிடையாது, ஆனால் அந்த அம்மாவின் மேல் குற்றம் சொல்ல ஆட்கள் இவ்வளவு பிரியமாக வரிசையில் நிற்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்க வேண்டிய ஆராதனையைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் நடத்துகிறார். கேட்டால், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஞாயிறு லீவு இல்லையே, அவர்களுக்கு ஓய்வுநாள் எது என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார். அவர்கள் சேஃப்டி ஷூவோடு வருவதால் தரையெல்லாம் எண்ணெய்க் கறை. பரம்பரையாகச் சில குடும்பங்கள் உட்கார்ந்த முன்வரிசையில் ஒடிசாப் பையன்களை உட்கார வைக்கிறார். பிரசங்கத்தில் கேள்வி கேட்கிறார், யாராவது பதில் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறார், அதனால் பிரசங்கம் முடிவதே இல்லை. ஆடி மாதம் பெரியபாளையத்துக்கு நடந்து போகிறவர்களுக்குச் சர்ச் வாசலில் மோர் ஊற்றுகிறார். இந்தக் கடைசிக் குற்றத்தைச் சொன்னது நான். வேப்பிலையும் கையுமாக நடந்த என் காலில் கொப்புளம் பார்த்து, உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றியதையும் சேர்க்கச் சொன்னேன். பாக்கியராஜ், “அது குற்றத்துல வராது,” என்று விட்டுவிட்டார்.

பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே இறால் வியாபாரம் பார்க்கிற சஹாபுதீன் பாய், தானாகவே கடைக்கு வந்தார்.

“எங்க ஊட்டு கம்ப்ளெயின்ட்டையும் எழுதிக்கோ, பாக்கியராஜ்.”

“நீங்க சபை இல்லியே, பாய்.”

“பொதுமக்கள்னு ஒரு தலைப்பு போட்டு எழுது. போன ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க அம்மாவைக் கூப்ட்டோம். வந்தாங்க. கிண்ணத்தக் கையில வாங்கிக்கினு, ‘உள்ள சமைச்சவங்க எப்போ நோன்பு துறப்பாங்க?’ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. அவ்ளோதான். அன்னிலேர்ந்து மொத கிண்ணம் உள்ளதான் போவுது. நான் வெளிய பேரீச்சம்பழத்தக் கடிச்சிக்கினு உக்காந்து கீறேன்.”

முத்தம்மாளின் புகாரை எழுதும்போதுதான் பாக்கியராஜின் பேனா கொஞ்சம் நின்றது. முத்தம்மாள் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்கிறவர். அவர் மகன் பார்த்திபனுக்கு பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனபோது, கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஷைனி மூன்று நாள் உட்கார்ந்தார். நாலாவது நாள் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள்.

“எழுதிக்கோப்பா,” என்றார் முத்தம்மாள். “மூணு நாளும் நான் சோறு கட்டிக்கினு போனேன். பாதிய எனக்கே குடுத்துட்டாங்க. சொன்னா கேக்க மாட்டாங்க. அடம். அதான் கம்ப்ளெயின்ட்டு.”

மொத்தம் பதினேழு புகார். நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. அந்தோணியும் போட்டார். எதற்கும் எண்ணிக்கை குறையக் கூடாது என்று, ‘டீயில் சர்க்கரை போட மறந்துவிடுகிறார்’ என்று பதினேழாவதாகத் தன் பங்கையும் சேர்த்தார். பாய் மகள் தஸ்லீம் அதை இங்கிலீஷில் எழுதி, கல்லூரிக்கு மெயிலில் அனுப்பினாள். அனுப்பும்போதே, “மாமா, இது சரியா வருமா?” என்று கேட்டாள். படித்த பிள்ளைகளுக்கு எதிலும் சந்தேகம்.

பங்குனியில் பதில் வந்தது. முழு உதவித்தொகையோடு இடம்!

அந்தோணி பஸ்ஸை விட்டு இறங்காமலே கத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஷைனி பிரசங்க மேடையில் நின்று கண் கலங்க நன்றி சொன்னதை நான் கடையிலிருந்தே ஸ்பீக்கரில் கேட்டேன். “எத்தனையோ பேர் எழுதிப் போட்டாங்களாம். நம்ம சபை ஜனங்க எழுதின கடிதம்தான் முடிவு பண்ணுச்சின்னு அந்தக் காலேஜ் பேராசிரியர் சொல்றாங்க. நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியாது. என்மேல இவ்ளோ அன்பு வெச்சிருக்கீங்கன்னும் எனக்குத் தெரியாது.” உள்ளே நூற்றுச் சொச்சம் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்ததாகக் கேள்வி. பாக்கியராஜ் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். “நான் சொல்லல?” என்று ஒரு வாரம் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தார்.

அந்த நெஞ்சு சித்திரையில் இறங்கியது. பேராயர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: ‘ஆயர் ஷைனி மீது சபையார் நூற்று நாற்பத்து மூன்று பேர் அளித்த புகார் குறித்து வரும் சனிக்கிழமை விசாரணை நடைபெறும். விசாரணை முடியும்வரை படிப்பு விடுப்பு விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’

“பேராயர் ஆபீஸுக்கு எப்படிய்யா போச்சு?” என்று பாய் கேட்டார்.

பாக்கியராஜ் பச்சை ஃபைலைத் திறந்தார். பழைய மனுவின் கீழே இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். கடைசி வரி: ‘நகல் — பேராயர் அவர்களின் மேலான பார்வைக்கு.’ எழுதியதோடு விடவில்லை. எழுதிவிட்டு அனுப்பாமல் இருந்தால் பொய்யாகிவிடும் என்று, பதிவுத் தபாலில் அனுப்பியும் இருக்கிறார். ரசீதையும் பின் அடித்து வைத்திருந்தார்.

நான் அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுதினால் அச்சில் வராது.

கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எபனேசர் ஐயா வந்தார். ரிட்டையர் ஆகிற வயசு. இந்த மாதிரி விசாரணைக்கென்றே பேராயத்தில் வைத்திருக்கிற ஆள். சர்ச்சுக்குள் மேஜை போட்டு உட்கார்ந்தார். நான் கடையை மூடிவிட்டுப் ‘பொதுமக்கள்’ என்ற தலைப்பில் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

ஐயா புகாரை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் படித்தார். ஷைனி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். முத்தம்மாள் பெயர் வந்தபோது திரும்பிப் பார்த்தார். முத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கினார். அந்தோணி பெயர் வந்தபோது ஷைனி திரும்பவேயில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் தாங்கவில்லை.

“இதையா அனுப்புனீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். “இவ்ளோ நாளா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.”

“அம்மா, அம்மா,” என்று பாக்கியராஜ் எழுந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தலைமை தாங்கத் தெரியவில்லை. “இது திட்டுறதுக்குப் போட்ட லெட்டர் இல்லம்மா. உங்கள அனுப்பி வெக்கிறதுக்குப் போட்டது. ஐயா, இந்த ஆபீஸ்ல நாங்க ஒருத்தரப் பத்தி நல்லதா எழுதி எப்பனா நடந்துக்குதா? நீங்களே சொல்லுங்க. கம்ப்ளெயின்ட் எழுதினாத்தான தூக்குறீங்க? அதான்…”

ஃபைலைக் கொண்டு போய் மேஜையில் வைத்தார். எபனேசர் ஐயா ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். சில காகிதங்களில் அவர் கையெழுத்தே இருந்தது. ரொம்ப நேரம் புரட்டினார்.

“எல்லாரும் வாபஸ் வாங்கிக்கிறோம், நைனா,” என்றார் முத்தம்மாள்.

“வாபஸ் வாங்கினா அது கமிட்டிக்குப் போவணும்மா. கமிட்டி ஆகஸ்ட்ல கூடும். கம்ப்ளெயின்ட் நிக்கிற வரைக்கும் படிப்பு விடுப்பு குடுக்க முடியாது. அதுதான் சட்டம்.” ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புகார் உண்மைன்னு நிரூபணம் ஆனா மட்டும்தான் நானே நடவடிக்கை எடுக்கலாம். கமிட்டி தேவையில்ல.”

ஷைனிதான் முதலில் புரிந்துகொண்டார். எழுந்து நின்றார்.

“ஒவ்வொண்ணா படிங்கய்யா.”

“செவ்வாய்க்கிழமை ஆராதனை?”

“ஆமா, நடத்தினேன்.”

“முன்வரிசை?”

“உக்கார வெச்சேன்.”

“பெரியபாளையத்துக்குப் போறவங்களுக்கு மோர்?”

“ஊத்தினேன். போன வருஷம் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சி.”

“இஸ்லாமியர் வீட்டில் போய்க் கேள்வி?”

“கேட்டேன்.”

“அந்தக் கேள்விய இன்னும் கேக்குறாங்க, எங்க ஊட்டுல,” என்று பின்னாலிருந்து பாய் சொன்னார்.

இப்படியே பதினாறும் நிரூபணமாயிற்று. கம்பெனி கேட்டில் உட்கார்ந்ததற்கு ஆமாம் என்று சொல்லும்போது மட்டும் ஷைனி தூண் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதினேழாவது, டீயில் சர்க்கரை.

“அது பொய்யிங்க ஐயா,” என்றார் ஷைனி. “எங்க ஊட்டுல டீ போடுறதே அவர்தான்.”

முதலில் சிரித்தது எபனேசர் ஐயா. அப்புறம் கூரை போகிற மாதிரி எல்லோரும். அந்தோணி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐயா பேனாவைத் திறந்து எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தார். ‘பதினேழு புகார்களில் பதினாறு நிரூபிக்கப்பட்டன. ஆயர் ஷைனி முப்பது நாட்களுக்குள் இச்சபையை விட்டு விலக்கப்படுகிறார். ஐந்து ஆண்டுகளுக்கு எந்தச் சபைப் பொறுப்பும் வழங்கப்படாது. இக்காலத்தை அவர் மேற்படிப்பில் செலவிட உத்தரவிடப்படுகிறது.’ கீழே கையெழுத்துப் போட்டுச் சீல் அடித்தார்.

பாக்கியராஜ் என் பக்கம் சாய்ந்து, “பாத்தியா? தூக்கிட்டாங்க,” என்றார். அந்த ஆளுக்கு அந்த நேரத்திலும் தன் கணக்கு ஜெயித்ததுதான் பெரிசு.

“ஒண்ணு சொல்லணும்,” என்றார் எபனேசர் ஐயா, ஃபைலைக் கட்டிக்கொண்டே. “புகார் நிரூபணமாகிப் போறவங்கள மறுபடி அதே சபைக்குப் போட மாட்டாங்க. தெரியுமில்ல?”

தெரியும். பாக்கியராஜுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. எழுதும்போது அந்த மனுஷன் இதை யோசிக்கவே இல்லை. நாங்களும்தான். போக வேண்டும், போக வேண்டும் என்று எழுதினோமே தவிர, திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஐயாவின் கார் போன பிறகு ஷைனி படியில் உட்கார்ந்தார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் அந்தப் புகாரின் நகலைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

“அமெரிக்காவுல இதப் படிச்சிட்டு என்ன நெனச்சிருப்பாங்க?” என்றார்.

“தெரியலம்மா,” என்றார் பாக்கியராஜ். “நான் உங்கள அசிங்கப்படுத்தத்தான் எழுதினேன். சரியா எழுதத் தெரியல போலருக்கு.”

ஷைனி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சில விஷயங்களைப் பார்க்காமல் விட எனக்கும் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணி ஷிப்ட் விட்டதும், வழக்கம்போல் யூனிஃபார்மோடு ஆட்கள் வந்தார்கள். ஷைனி மேடை ஏறவில்லை. முத்தம்மாளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்.

“அய்யோ, நான் மாட்டேன்மா. நான் இன்னா படிச்சிக்கிறேன்?”

“புது ஆயர் வந்து செவ்வாய்க்கிழமைய நிறுத்திட்டா யாரு கேக்குறது? நீங்கதான் நடத்தணும். இன்னும் மூணு வாரம் நான் கூட நிக்கிறேன்.”

“என்ன யாரு ஒத்துப்பாங்க?”

“அதுவும் சரிதான்,” என்றார் ஷைனி. “உங்க மேல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லியே.”

பாக்கியராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“நீங்க பாட்டு ஆரம்பிங்க, முத்தம்மாக்கா,” என்றார். “நான் எழுதிக்கிறேன்.”